மலை காணாத சைக்கிள்காரர்

என் அக்காவின் கணவர் பாலேந்திரா, சைக்கிள் ஓட்டத்தில் தன்னை வெல்ல ஆள் பிறக்கவில்லை என்று நம்பியிருந்தார். நம்பியதில் பிழையில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து மிதித்தார், பிறகு அகதியாகப் போய் நெதர்லாந்தில், எங்கள் பேச்சில் ஒல்லாந்தில், பதினைந்து வருடம் மிதித்தார். இரண்டிலும் மேடென்று ஒன்று கிடையாது. எங்கள் ஊர்ப்பக்கம் கீரிமலை என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே கேணி உண்டு, கடல் உண்டு, மலை மட்டும் இல்லை. அத்தானின் மலையறிவு அவ்வளவுதான்.

பிள்ளையின் ஆங்கிலப் படிப்புக்காக லண்டன் இல்ஃபோர்ட்டுக்குக் குடிபெயர்ந்தபோது, ஒல்லாந்துச் சைக்கிளையும் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கறுப்பு நிறம், நல்ல பாரம். கியர் இல்லை. கைப்பிரேக்கும் இல்லை, பெடலைப் பின்பக்கமாக மிதித்தால்தான் நிற்கும். வந்த நாளிலிருந்து அது பின்வளவுக் கொட்டிலில் தூங்கியது. அத்தான் ஒரு பெற்றோல் ஸ்டேசனில் மனேஜர். வேலைக்குப் போவதும் வருவதும் காரில். சைக்கிள் வாயில் மட்டும் ஓடியது.

2009ஆம் ஆண்டு வசந்தத்தில் நாங்களெல்லாரும் பாராளுமன்றச் சதுக்கத்தில் நின்றோம். வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்தது, இங்கே நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோம். அத்தான் தன் மகள் துஷ்யாவையும் ரெயிலேற்றிக் கூட்டிப் போனார். "நாங்கள் எல்லாரும் ஒரே இனம், ஒரே ரத்தம்" என்று ஒலிபெருக்கியைப் பறித்து அவர் கத்தியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்கு அவர் சொன்னதை முழுக்க நம்பிய ஒரே ஆள் துஷ்யாதான். அங்கே தண்ணீர்ப் போத்தல் கொடுத்துக்கொண்டு நின்ற கஸ்பர் என்ற பையனை அவளுக்குப் பிடித்துப்போனது. இலைதுளிர் காலம் போய் இலையுதிர் காலம் வந்தபோது, கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாள்.

அத்தானின் ஒரே ரத்தம் அந்தக் கணத்திலேயே உறைந்துவிட்டது.

"அவன் வேதக்காரன்" என்றார். சொந்தத் தங்கச்சி வேதக்காரரைக் கட்டியபோது தேவாலயத்தில் முன்வரிசையில் கோட்டும் சூட்டுமாக இருந்தவர் இவர். ஆகவே அந்தக் கதை எடுபடவில்லை. உண்மையான கதை வேறு. அதை எங்கள் ஆட்கள் நேரே கேட்க மாட்டார்கள். "ஊரிலை எந்தப் பக்கம்?" என்பார்கள். பக்கம் தெரிந்தால் கிராமம் தெரியும், கிராமம் தெரிந்தால் தெருவும் ஒழுங்கையும் தெரியும், ஒழுங்கை தெரிந்தால் சாதி தெரியும். லண்டன் வரைபடத்தில் தன் வேலைத்தலத்தைக் காட்டத் தெரியாதவர்கூட இந்த வரைபடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பார். அத்தான் கனடாவுக்கும் பிரான்சுக்கும் போன் போட்டு விசாரித்தார். கிடைத்த பதில் அவருக்குப் பிடிக்கவில்லை.

கஸ்பர் ஒருநாள் தானே வீட்டுக்கு வந்தான். எலெக்ட்ரீசியன் வேலை. தாய் இம்மாகுலேற்றோடு தென் லண்டன் ஸ்ட்ரெதத்தில் குடியிருப்பு. தினமும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னான். அத்தானுக்கு வழி கிடைத்துவிட்டது.

"உதென்ன ஓட்டம், தம்பி? ஒருநாள் என்னோடை ஓடிப்பாரும். என்னை முந்தினால் பொம்பிளை கேளும்" என்று சிரித்தார். மறுப்பதற்கு ஒரு நாகரிகமான வழி என்று நினைத்திருப்பார்.

துஷ்யா சிரிக்கவில்லை. "சரி அப்பா. சொன்ன சொல்லு மாறக்கூடாது. இடம் நான் பாக்கிறன்" என்றாள்.

அவள் பார்த்த இடம் லண்டனுக்கு வெளியே சரேயில், சுண்ணாம்பு மலைகளின் அடிவாரம். கார் நிறுத்துமிடத்தில் தொடங்கிப் பழைய ரோமர் பாதையால் ஏறி, இரும்புக்காலத்துக் கோட்டை மேட்டைச் சுற்றி, மேலே பரந்த புல்வெளியைக் கடந்து, மறுபக்கத்தால் இறங்கி அதே இடத்துக்கு வரும் சரளைக்கல் பாதை. ஒக்டோபர் மாதம், நல்ல வெயில். அழகான இடம், நான் மறுக்கவில்லை. அக்கா தயாளினி கார் நிறுத்துமிடத்தில் பாயை விரித்து, மட்டன் ரோல்சும் பிளாஸ்க் தேத்தண்ணியுமாகக் குந்தினாள். துஷ்யாவும் ஒரு சைக்கிளோடு வந்திருந்தாள். நான் ஒரு வாடகைச் சைக்கிளில் சாட்சிக்கு.

"அங்கிள், கியர் உள்ள சைக்கிள் ஒண்டு எடுங்கோவன். மலை கொஞ்சம் செங்குத்து" என்றான் கஸ்பர்.

"கியர் காலிலை இருக்க வேணும், தம்பி" என்றார் அத்தான்.

முதல் ஏற்றத்தின் பாதியிலேயே அந்தக் கியர் கழன்றுவிட்டது. சரளைக்கல்லில் சில்லு வழுக்கியது. அத்தான் இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதித்தார், முனகினார், பிறகு இறங்கித் தள்ளினார். "காட்சியைப் பாக்கிறதுக்காக இறங்கினனான்" என்றார். அவர் முகம் இருந்த நிலையில் காட்சி எதுவும் தெரிந்திருக்காது. ரோமர்கள் இந்தப் பாதையை ஏன் இவ்வளவு நேராகப் போட்டார்கள் என்று அவர்களையும் திட்டினார்.

கஸ்பர் இரண்டு மிதியில் முந்தியிருக்கலாம். முந்தவில்லை. பெண் கேட்கப்போகிற வீட்டுப் பெரியவரைத் தாண்டிப் போவதா? அவனும் இறங்கி, மூன்றடி பின்னால் தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தான். தாய் வளர்த்த வளர்ப்பு அப்படி. எனக்கென்றால் அந்த மரியாதையைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. துஷ்யாவும் தன் சைக்கிளை எங்களோடு உருட்டினாள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வருவது மட்டும் தெரிந்தது.

மேலே புல்வெளிக்கு வந்ததும் அத்தானுக்கு உயிர் வந்தது. சமதரை! ஏறி உட்கார்ந்து, நெஞ்சை நிமிர்த்தி, ஒல்லாந்து மகாராணியின் தபால்காரனைப் போல மிதித்தார். "பாத்தியளோ ஓட்டம்?" என்று திரும்பித் திரும்பிக் கத்தினார். கஸ்பர் அவருக்குப் பின்னாலேயே மெல்ல வந்தான்.

அடுத்தது இறக்கம். அத்தான் வாழ்க்கையில் முதற்தடவையாக ஒரு மலையிலிருந்து இறங்கினார். வேகம் பிடித்தவுடன் பதறிப்போய்ப் பெடலைப் பின்பக்கம் மிதித்தார். வருடக்கணக்காகக் கொட்டிலில் துருப்பிடித்துக் கிடந்த சங்கிலி கழன்று விழுந்தது. சங்கிலி போனால் அந்தச் சைக்கிளில் பிரேக்கும் போய்விடும். "முருகா!" என்ற கூக்குரலோடு அத்தான் ஒரு முட்பற்றைக்குள் போய்ச் சேர்ந்தார். லண்டன் ஆர்ச்வேயில் இருக்கிற முருகன் கோயில் வரை கேட்டிருக்கும்.

கஸ்பர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினான். அவரைத் தூக்கி நிறுத்தினான். சட்டையில் குத்தியிருந்த முள்ளை ஒவ்வொன்றாக எடுத்தான். பிறகு சரளைக்கல்லில் முழங்காலை ஊன்றி, எண்ணெய்க் கரி பிடித்த அந்தச் சங்கிலியைக் கையால் பிடித்து இழுத்துப் பூட்டினான். அவனுடைய இரண்டு கையும் கறுப்பாகிவிட்டன. எங்களுக்குப் பின்னால் இறங்கி வந்த துஷ்யா ஒரு கணம் நின்று பார்த்தாள். தகப்பனைப் பார்த்தாள், கஸ்பரைப் பார்த்தாள். பிறகு பெடலை மிதித்து எங்களைக் கடந்து போய்விட்டாள்.

"நீங்கள் முன்னுக்குப் போங்கோ அங்கிள், நான் பின்னாலை வாறன்" என்றான் கஸ்பர்.

மனிதன் என்றால் அந்த இடத்தில் வெட்கப்பட வேண்டும். அத்தான் ஏறி மிதித்தார். கார் நிறுத்துமிடம் தெரிந்ததும் வேகத்தையும் கூட்டினார்.

"தயாளினி! என்னை முந்த ஏலேல்லை!" என்று கையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார். பிறகு கஸ்பரிடம், "போட்டியெண்டால் போட்டிதானே, தம்பி. குறை நினையாதையும்" என்றார். கஸ்பர் தலையைக் குனிந்தான். பாவி!

பாயில் உட்கார்ந்து ரோல்ஸ் தின்றுகொண்டிருந்த துஷ்யா எழுந்தாள்.

"நான் வந்து பத்து நிமிசம் ஆகுது. என்னை ஆர் முந்தினது?"

"நீ போட்டியிலை இல்லையே, பிள்ளை."

"அப்ப கலியாணம் ஆருக்கு?"

அவள் கஸ்பரின் பக்கம் திரும்பினாள். "உமக்கும்தான் சொல்லுறன். மரியாதையெண்டு பின்னாலை வந்தீர். அந்த மரியாதையிலை நான் உம்மடை கையை விட்டுப் போயிருப்பன்." அவன் கைகளைப் பிடித்து, உள்ளங்கையை மேலே திருப்பித் தகப்பனிடம் காட்டினாள். மணிக்கட்டு வரை கரி. "அப்பா, இவர் உங்கடை சங்கிலியைப் பூட்டேக்கை, ஊரிலை எந்தப் பக்கமெண்டு கேட்டனீங்களோ?"

பக்கத்துக் காரில் நாயை ஏற்றிக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் கிழவிகூடத் திரும்பிப் பார்த்தாள். அத்தான் தன் கைகளைப் பார்த்தார். அவற்றில் ஒரு பொட்டு அழுக்கும் இல்லை.

அக்காதான் எழுந்து போத்தல் தண்ணீரை எடுத்தாள். "கையை நீட்டுங்கோ, தம்பி" என்று கஸ்பருக்குத் தண்ணீர் ஊற்றினாள். முதல் ரோல்சையும் அவனுக்கே கொடுத்தாள். புருசனுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. பாயின் ஓரத்தில் வந்து குந்தி அத்தான் சொன்னார்: "சரி. வாற ஞாயிறு தாயைக் கூட்டிக்கொண்டு வாரும்."

அந்த ஞாயிறு இம்மாகுலேற் அக்கா கேக்கும் பழமுமாக இல்ஃபோர்ட்டுக்கு வந்தார். எல்லாரும் கதிரைகளில் இருந்தோம். தேத்தண்ணி வந்தது. காலநிலை பேசி முடிந்தது, ரெயில் பேசி முடிந்தது. பிறகு வந்த அமைதியில் அத்தானுக்கு நாக்குத் தினவெடுப்பதை நான் கண்டேன். ஐம்பது வருடப் பழக்கம், மலையில் ஒரு நாளில் விட்டுப்போகுமா?

"அப்ப, நீங்கள் ஊரிலை..." என்று தொடங்கினார்.

துஷ்யா தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தாள். தயாளினி அக்கா நிமிர்ந்தாள். நானும் பார்த்தேன். கஸ்பரும், இம்முறை தலை குனியாமல், நேரே பார்த்தான்.

அத்தான் தன் கோப்பையைக் கையில் எடுத்தார்.

"ஊரிலை இப்ப நல்ல மழையாம்" என்றார்.