வைக்கோல் நாய்

மாட்டு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவன் நான். தற்பெருமை என்று நினைத்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் கடைசியில் காரைக்காலில் ஒரு பசு கன்று போட முடியாமல் தவித்தால் டாக்டருக்கு முன்னால் என்னைத்தான் தேடுவார்கள். நெடுங்காடு, வரிச்சிக்குடி என்று என் சைக்கிள் போகாத பாதை இல்லை. கூடவே என் நாயும் ஓடி வரும். குட்டியாக இருக்கையில் கால் முறிந்து ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டுப் பிரித்த பிறகும் போக மறுத்த செவலை நாட்டு நாய். இடிக்கும் அஞ்சாது, அதிர்வேட்டுக்கும் அஞ்சாது. எங்களுக்குக் குழந்தை பிறக்காத வருடங்கள் அவை. என் மனைவி கொல்லைப் படியில் அதன் தட்டை வைத்துவிட்டுத்தான் எனக்கு இலை போடுவாள். கேட்டால், "அது வாலையாவது ஆட்டும், நீங்க என்ன செய்வீங்க?" என்பாள்.

ஓர் ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவை ஒட்டி நடமாடும் மிருகக்காட்சி ஒன்று வந்து அரசலாற்றுப் பக்கம் கூடாரம் போட்டது. கிழட்டுச் சிங்கம், ஒரு கரடி, ஏழெட்டுக் குரங்குகள் இருந்தன. ஆனால் கூட்டம் நின்றதெல்லாம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சிவிங்கிப்புலிக்கு முன்னால்தான். ஊரே அதைச் சிறுத்தை என்றது. அதை வளர்த்த அக்கா, கும்பகோணத்துப் பக்கம், நாற்பது வயதிருக்கும், ஒவ்வொருவரையும் சளைக்காமல் திருத்திக்கொண்டிருந்தார்.

"சிறுத்தை இல்லீங்க, சிவிங்கி. கண்ணுலேர்ந்து வாய் வரைக்கும் கறுப்புக் கோடு எறங்குது பாருங்க."

அவர் ஒரு கையில் சிவிங்கியின் கயிறும் மறுகையில் ஒரு கறுப்புப் பெட்டை நாயின் கயிறும் இருக்கும். இரண்டையும் குட்டியிலிருந்தே ஒன்றாக வளர்த்திருந்தார். நாய் உட்கார்ந்தால் சிவிங்கி உட்காரும், நாய் நடந்தால் நடக்கும். உலகத்திலேயே வேகமாக ஓடும் மிருகம் என்று பேர், நிஜத்தில் சுத்தப் பயந்தாங்கொள்ளி. எங்காவது ஒரு தகரம் விழுந்தால் உடனே நாயின் முகத்தைப் பார்க்கும். நாய் சும்மா இருந்தால்தான் அதுவும் சும்மா இருக்கும்.

ஒரு நாள் காலை அந்தக் கறுப்பு நாயை ஆற்றோரப் புதரில் பாம்பு கடித்தது. அக்கா தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். டாக்டர் லீவில் இருந்தார். என்னால் முடிந்ததையெல்லாம் செய்தேன், என் மேசை மீதே உயிர் போய்விட்டது. சாயங்காலம் போய்ப் பார்த்தால் சிவிங்கி கோழிக்குஞ்சு போலக் கீச்சுக் கீச்சென்று நாயைக் கூப்பிட்டபடி கூண்டைச் சுற்றிக்கொண்டிருந்தது. கறி வைத்தபடியே கிடந்தது.

"நாய் இல்லாம இது பொழைக்காது சார்" என்றார் அக்கா.

எனக்கு உடனே யோசனை வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் கன்று செத்துப்போனால் அதன் தோலை உரித்து, உப்புத் தடவி, உள்ளே வைக்கோலைத் திணித்துத் தைத்து மாட்டுக்கு முன்னால் நிறுத்துவார்கள். மாடு அதை நக்கும், பால் சுரக்கும். அப்படி எத்தனை கன்றுகளை நானே தைத்திருக்கிறேன்!

"நாய இன்னும் பொதைக்கலையேக்கா? எங்கிட்ட விடுங்க."

"பாவமில்லையா சார்?"

"மாடே ஏமாறுது, இது எந்த மூலைக்கு?"

மறுநாள் மத்தியானம் வைக்கோல் நாயைக் கூண்டுக்குள் வைத்தோம். சிவிங்கி மெதுவாக வந்து மோந்தது. கழுத்தை நக்கியது. பிறகு அதன் முதுகோடு முதுகு சேர்த்துப் படுத்துக்கொண்டது. கீச்சொலி நின்றது. "பாத்தீங்களாக்கா?" என்று நான் கேட்டது ஆற்றுக்கு அக்கரைக்கும் கேட்டிருக்கும். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

இரண்டு நாள் கழித்துப் போனபோது அக்கா கூடார வாசலிலேயே நின்றிருந்தார். கூண்டைக் காட்டினார். கறி அப்படியே ஈ மொய்த்துக் கிடந்தது. சிவிங்கி வைக்கோல் நாயின் முகத்தைப் பார்த்தபடி படுத்திருந்தது. விலா எலும்பை எண்ணலாம்.

"எப்பவும் நாய்தான் முதல்ல வாய் வைக்கும். அதுக்கப்புறந்தான் இது தின்னும்" என்றார். "இந்த வைக்கோல் இல்லேன்னா ரெண்டு நாள் அழுதுட்டு, பசி வந்தா தன்னால தின்னாலும் தின்னுருக்கும். இப்ப அது திங்கட்டும்னு இது காத்துக்கெடக்குது. காத்துக்கிட்டே செத்துரும் சார்."

என் வாழ்க்கையில் அப்படி வெட்கப்பட்டதில்லை. மாட்டிடம் நமக்கு வேண்டியது பால், அதனால் வைக்கோல் போதும். இதற்கு வேண்டியிருந்தது துணை. இந்தச் சின்ன வித்தியாசம் என் பெரிய மூளைக்கு எட்டவில்லை. வைக்கோல் நாயை நானே எடுத்து ஆற்றங்கரையில் புதைத்தேன்.

திரும்பி வந்தபோது வெளியே மேளம் அடித்துக்கொண்டு ஓர் ஊர்வலம் போனது. கூண்டு ஆடும்படி நடுங்கியது சிவிங்கி. என் நாயோ சைக்கிள் அடியில் படுத்துக் கொட்டாவி விட்டது. அக்கா அதைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கேட்காததற்கும் கோபம் வந்தது. சொல்லாமல் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை நாயோடு போய் நின்றேன். "கம்பிக்கு இந்தப் பக்கம் கட்டுறேன். சும்மா பாக்கத்தான்" என்றேன். அக்கா நாய்க்கு ஒரு துண்டுக் கறி போட்டார். அது என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தின்ன ஆரம்பித்தது. சிவிங்கி தலையைத் தூக்கியது. எழுந்து தள்ளாடி வந்து, கம்பி வழியாக நாயின் வாயையே பார்த்தது. பிறகு தன் கறியில் வாய் வைத்தது. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது, சந்தோஷத்தில் மட்டும் அல்ல.

கம்பிக்கு இரு பக்கமும் ஒரு வாரம், பிறகு அக்கா பிடித்துக்கொள்ளக் கூண்டுக்குள். திருவிழா முடிவதற்குள் இரண்டும் முதுகோடு முதுகு சேர்த்துத் தூங்கின.

கூடாரம் பிரித்த காலையில் நாயை அவர்களோடு வழியனுப்ப என் பழைய காக்கிச் சட்டையைக் கொண்டுபோனேன். "இதக் கூண்டுல போட்டு வைங்கக்கா. என்னத் தேடுச்சுன்னா மோந்து பாத்துக்கட்டும்."

அக்கா அதை வாங்கி, மடித்து, என் சைக்கிள் ஹேண்டில்பாரிலேயே திரும்பப் போட்டார்.

"வேணாம் சார். நீங்க வந்துருவீங்கன்னு காத்துக்கெடக்கும்."

லாரி உறுமியது. நாய் என்னைப் பார்த்து எழுந்தது. அதே நொடியில் சிவிங்கி மிரண்டு நாயின் முகத்தைப் பார்த்தது. நாய் அதன் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டது. லாரி போய்விட்டது.

மத்தியானம் வீட்டுக்குப் போனேன். என் மனைவி பழக்கத்தில் கொல்லைப் படியில் தட்டை வைத்துச் சோறும் போட்டுவிட்டாள். பிறகுதான் நினைவு வந்து அப்படியே நின்றாள். அதை எடுக்கவும் இல்லை. உள்ளே வந்து எனக்கு இலை போட்டுப் பரிமாறினாள். நான் சோற்றில் கை வைக்காமல் கொல்லைப் படியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆறுதுல்ல" என்றாள். "நீங்க சாப்புடுங்க."