மாப்பிள்ளையின் பென் டிரைவ்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் முன்மேசையில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் நோட்டக்கா என்பார்கள். வாயால் சொல்ல வேண்டியதையும் நோட்டில்தான் எழுதிவைப்பாள். பேசியே ஆக வேண்டுமென்றால் முதலில் தொண்டையைச் செருமுவாள். அதற்குள் எதிரில் இருப்பவர் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

அந்த வருடம் அவளுடைய கம்ப்யூட்டருக்குப் பேய் பிடித்தது. மவுஸ் அம்பு தானாக நகர்ந்தது. நோயாளிகளின் பட்டியல் தானே திறந்து தானே மூடியது. முதலாளியின் மாப்பிள்ளை வந்து எல்லாவற்றையும் அழித்தார், சாவிக்கொத்தில் தொங்கும் பென் டிரைவிலிருந்து, தான் முதலில் போட்டுக் கொடுத்த ரிப்போர்ட் புரோகிராம் உட்பட, எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினார்.

"கண்டதை கிளிக் பண்ணாதீங்கக்கா" என்று சொல்லிவிட்டுக் காபிக்குப் போனார்.

மூன்று நாள் கழித்து அம்பு மறுபடி நகர்ந்தது. இப்படி நான்கு தடவை.

"ஏம்மா, இன்னொரு தடவை ஆச்சுன்னா இந்த சீட்டுக்கு வேற ஆளைத்தான் பார்க்கணும்" என்றார் முதலாளி.

அன்று மதியம் இன்டர்நெட் கம்பெனிக்காரர் போனில் வந்தார்.

"உங்க கம்ப்யூட்டர்லேர்ந்து என்னமோ வெளியில போய்க்கிட்டே இருக்கும்மா. யாரோ பின்கதவு வெச்சிருக்காங்க."

"பாஸ்வேர்டு மாத்திட்டேனே."

"அது முன்கதவுக்கு. ஓசியில வந்த புரோகிராம் எதையாவது போட்டீங்களா? அதுக்குள்ள ஒளிஞ்சு வந்திருக்கும்."

நோட்டக்கா நோட்டைப் புரட்டினாள். மாப்பிள்ளை வந்தது திங்கள், பேய் வந்தது வியாழன். நான்கு தடவையும் அதே கணக்கு. உள்ளறைக் கம்ப்யூட்டர் பழசு என்று மாப்பிள்ளை அதைத் தொட்டதே இல்லை. அதிலும் கிளிக் பண்ணுவது அவள்தான். அதற்கு ஒரு சளிகூடப் பிடிக்கவில்லை.

போனில் கேட்டதையும் கீழே எழுதி, நோட்டைக் கொண்டுபோய் முதலாளி முன் வைத்தாள். மாப்பிள்ளை பக்கத்திலேயே இருந்தார். முதலாளி இரண்டு தடவை படித்தார்.

"மாப்பிள்ளை, ரிப்போர்ட் அடிக்கிற புரோகிராம் எங்க வாங்கினீங்க?"

"ஃபிரண்டு குடுத்தான் மாமா. ஃப்ரீதான்."

முதலாளி சாவிக்கொத்தை வாங்கிப் பென் டிரைவைக் கழற்றினார். திட்டினால் மகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"பென் டிரைவ் பாவம், ரொம்ப உழைச்சிருச்சு. ஓய்வு குடுத்துருவோம்."

மறுநாள் வெளியாள் வந்து கம்ப்யூட்டரைத் துடைத்து, விலைக்கு வாங்கிய புரோகிராமைப் போட்டார். பாஸ்வேர்டு அத்தனையும் மாறியது. அதன்பின் அம்பு கை பட்டால்தான் நகர்ந்தது. வேற ஆள் என்ற பேச்சும் எழவில்லை.

'யாருடைய பென் டிரைவும் இங்கே செருகக் கூடாது' என்று நோட்டக்கா எழுதி ஒட்டினாள். மாப்பிள்ளை நின்று படித்தார்.

"நல்ல ரூல்க்கா. நான் எவ்வளவு நாளா சொல்லிக்கிட்டிருக்கேன்."

அவள் தொண்டையைச் செருமினாள். மாப்பிள்ளை காபிக்குப் போயிருந்தார்.