மேற்குக் கரையில் வைத்த பூங்கா

ரொறன்ரோவின் மேற்கே, ஏரியில் கலக்கும் ஆற்றின் கரையில், விக்டோரியா அரசியின் காலத்தில் ஓர் இன்பப் பூங்கா இருந்தது. நகரத்தார் விடுமுறை நாள்களில் நீராவிப் படகில் வந்திறங்குவர். இசைமேடை, ஊஞ்சல்கள், நடன அரங்கு எல்லாம் இருந்த இடத்தில் இன்று புல்வெளிதான் எஞ்சியிருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியனான நான் அதன் வரலாற்றை ஈராண்டு தேடித் திரட்டி, எங்கள் முதியோர் சங்கத்தின் ஆண்டு மலரில் எழுதினேன். பூங்கா மேற்குக் கரையில் இருந்தது என்பது என் முடிபு. வெளியீட்டு விழாவில் அதற்காகவே பொன்னாடை போர்த்தினர்.

மறு கிழமை, நூலகத்தில் பழைய விளம்பரம் ஒன்று கிடைத்தது. இசை கேட்க வருவோர், கதிரவன் ஆற்றுக்கு அப்பால் மறைவதைக் காணலாம் என்றது அது. மேற்குக் கரையில் அமர்ந்தவர்க்கு அது எவ்வாறு இயலும்? நான் நம்பிய பழைய வரைபடத்தை மீண்டும் விரித்தேன். ஏரிப் பக்க ஓரம் கிழிந்துபோன அந்தப் படியில் திசைக்குறி இல்லை. தலைகீழாகத் திருப்பியபோதே ஆற்றின் வளைவு இன்றைய வரைபடத்தோடு பொருந்தியது. வடக்கு மேலே என்று நானாகவே கொண்டிருந்தேன்.

நூலகங்களுக்கு அனுப்பவேண்டிய மலர்கள் நகரின் கிழக்கே வெக்ஸ்போர்ட் பகுதியில், சங்கச் செயலாளர் வீட்டு நிலவறையில் கிடந்தன. அவை என் பிழையோடு வெளியேறக் கூடாது. அன்றே அங்கே சென்றேன்.

"மாஸ்ரர், வெள்ளைக்காரரே மறந்துபோன இடம். உது எந்தக் கரையெண்டு ஆர் கேக்கப் போயினம்?" என்றார் செயலாளர்.

"நான் கேப்பன்."

"அப்ப பொன்னாடையையும் திருப்பித் தரப்போறியளோ?"

"கேட்டால் தாறன். முதலிலை திருத்தம் ஒட்டவேணும்."

முணுமுணுத்தவாறே அவர் கணினியில் 'அச்சுப்பிழை திருத்தம்' என்று தலைப்பிட்டார். எத்தவறாயினும் அச்சகத்தின் தலையில் கட்டிவிடுவது எங்கள் மலர்களின் நெடுநாள் வழக்கம்.

"அச்சகம் என்ன பிழை விட்டது?" என்று கேட்டேன்.

"அவங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, மாஸ்ரர். கோவிக்கமாட்டாங்கள்."

"அதை அழியுங்கோ."

"சங்கத்தின்ரை மானம்?"

"சங்கம் வரைபடம் வாசிக்கேல்லை. நான்தான் வாசிச்சனான்."

கட்டுரையாளர் வரைபடத்தைத் தவறாகப் படித்தார், பூங்கா இருந்தது கிழக்குக் கரையில் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் தட்டச்சிட்டார். கீழே என் பெயரை இடச்செய்தேன். பின்னர் தாள்களை நான் வெட்ட, அவர் பசை தடவி ஒட்டினார். நூலகங்களுக்குரிய படிகளை முதலில் முடித்தோம்.