கோலைப் பிடித்தவன்

நாறும்பூநாதன் இஞ்சினீயருக்குப் படிக்கப் போன அன்றே ஊர் அவனை ‘இஞ்சினீயர் தம்பி’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. கூடவே போன துல்கர்னைனை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. அவன் எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பான். சிரிக்கிறவனை நம்மவர்கள் இஞ்சினீயராக மதிப்பதில்லை.

1958, கடைசி வருஷம். இருவரும் சேர்ந்து ஒரு சின்ன நீர்ச்சக்கரம் செய்தார்கள். குற்றாலத்துக்குக் கீழே ஓடும் ஓடையில் அதை வைத்து மின்சாரம் எடுப்பது திட்டம். அதற்கு ஓடையில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று அளந்தாக வேண்டும். சாரல் நாளில் ஒரு மத்தியானம். துல்கர்னைன் இடுப்பளவு நீரில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு எண்ணைச் சொல்ல, நாறும்பூநாதன் கரையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். மலைமேல் கொட்டிய மழை கீழே நிற்பவனுக்கு எப்படித் தெரியும்? செந்தண்ணீர் திடீரென்று வந்தது. நிமிர்ந்தபோது கோலும் இல்லை, ஆளும் இல்லை. மறுநாள் ஒரு குளத்தில் மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்கில் பிணமாக ஒதுங்கிக் கிடந்தான்.

சக்கரம் மட்டும் நன்றாகச் சுற்றியது. மிச்ச வேலையை நாறும்பூநாதன் தனியாக முடித்தான். பொறியாளர் இதழுக்கு இதை ஆய்வுக் கட்டுரையாக எழுது, அச்சேறினால் மேற்படிப்புக்கு இடம் நிச்சயம் என்றார் பேராசிரியர்.

தென்காசியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்த என்னிடம்தான் கட்டுரை வந்தது. இங்கிலீஷில் எழுதியிருந்தான். தலைப்புக்குக் கீழே துல்கர்னைன் பெயர் முதலில், தன் பெயர் அடுத்தது. நான் டைப் அடித்துக் கொடுத்ததைப் பேராசிரியர் சிவப்பு மையால் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார். வேலையை முடிக்காதவன் கட்டுரையாசிரியன் ஆக முடியாதாம். விஞ்ஞானக் கட்டுரையில் யார் செய்தார் என்று எழுதக்கூடாதாம்; என்ன செய்யப்பட்டது என்பது மட்டும் போதுமாம். பையன் பயந்து எல்லாவற்றையும் மாற்றினான். ஒரு உயிர் போன மத்தியானம், ‘நீர்வரத்து திடீரென உயர்ந்ததால் அளவெடுப்பு நிறுத்தப்பட்டது’ என்று ஒரு வரியாகச் சுருங்கியது. அதையும் நான்தான் அடித்துக் கொடுத்தேன்.

அனுப்புவதற்குள் துல்கர்னைனின் தாய் ஜைனப் இன்ஸ்டிடியூட்டுக்கே வந்துவிட்டாள்.

“எம் புள்ளையப் பத்தி எழுதுதியாமே. படிச்சுக் காட்டுலே.”

அவன் தடுமாறிக்கொண்டு, இங்கிலீஷில் இருந்ததை அப்படியே தமிழில் சொன்னான்: “கோல் நீரில் பிடிக்கப்பட்டது. ஆழம் அளக்கப்பட்டது. அளவு குறிக்கப்பட்டது...” எங்கள் ஊரில் யார் வாயிலும் வராத தமிழ்.

ஜைனப் கையைக் காட்டி நிறுத்தினாள். “பட்டது, பட்டதுன்னு சொல்லுதியே. பட்டது யாருலே?”

அவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“பட்டது எம் புள்ளைல்லா. அவன் பேரு எங்க?”

அவள் போனபிறகு நாறும்பூநாதன் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அண்ணாச்சி, முதல்லயிருந்து அடிங்க” என்றான். அவன் சொல்லச் சொல்ல அடித்தேன். கோலைப் பிடித்தவர் துல்கர்னைன். அளவைச் சொன்னவர் துல்கர்னைன். வெள்ளத்தில் இறந்தவர் துல்கர்னைன். பேராசிரியருக்குக் காட்டாமல் நேராக இதழுக்கு அனுப்பினான்.

முறைப்படி எழுதப்படவில்லை என்று திரும்பி வந்தது. பேராசிரியர் அதற்குப்பின் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மேற்படிப்பும் போயிற்று. ஆலங்குளத்தில் பொதுப்பணித்துறையில் கிடைத்த வேலையில் சேர்ந்தான். அங்கேயும் ‘மடையைத் திறந்தவர் மூசா’ என்று மடைக்காரர் பெயரைப் போட்டு ரிப்போர்ட் எழுதி மெமோ வாங்கினான். திருந்தவில்லை.

மூன்று வருஷம் கழித்து அந்த இதழில் நீர்ச்சக்கரக் கட்டுரை வந்தது, பேராசிரியர் பெயரில். அதில் கோல் ஒழுங்காகப் பிடிக்கப்பட்டிருந்தது. அந்தப் புண்ணியவானை நான் இன்றுவரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஜைனப்பிடம் இதை யாரும் சொல்லவில்லை. நாறும்பூநாதன் ஊருக்கு வரும்போதெல்லாம் அவளைப் பார்க்கப் போவான். அவளும் தவறாமல் கேட்பாள்: “எம் புள்ள பேரு போட்ட புஸ்தகம் வந்துட்டுதாலே?”

“அச்சுல இருக்கும்மா.”

1967-இல் ஜைனப் மௌத்தாகி அடக்கமானாள். அதற்கு முந்தின வாரமும் புஸ்தகம் அச்சில்தான் இருந்தது.