மகளின் டாக்டர் என்னை வெளியே அனுப்பிய நாள்

முருகனை நம்பி வாழும் சொந்தங்களே, நான் கோபம் வந்தால் அடிக்கக் கை நீட்டுகிறவனாக இருந்தேன். அதை மறைத்துவிட்டு அவன் கருணையைப் பேசினால் அது பொய்யாகிவிடும்.

குடியிருப்பது டத்தோ கிராமாட்டில். வேலை துறைமுகத்தில், கிரேன் ஓட்டுகிறேன். என் ஒரே மகள் யாழினிக்கு ஒன்பது வயதில் இரத்தப் புற்றுநோய் வந்தது. மூன்று வருடச் சிகிச்சையில் நோய் விலகியது. அதன் பிறகும் குழந்தைகள் வார்டுக்குப் பரிசோதனைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தோம். டாக்டர் எது கேட்டாலும் நான்தான் பதில் சொல்வேன். "வலிக்கிறதா?" என்று அவளைக் கேட்டால்கூட நானே சொல்வேன்.

சென்ற வருடம் அவளுக்குப் பதினெட்டு முடிந்தது. இனி பெரியவர்கள் கிளினிக்குக்குப் போக வேண்டும் என்று கடிதம் கொடுத்தார்கள். தைப்பூசம் முடிந்து மூன்றாம் வாரம் போனோம். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அவள் பெயரைக் கூப்பிட்டதும் நானும் எழுந்தேன். இளம் டாக்டரம்மா கதவருகே என்னை நிறுத்தி, "நீங்கள் வெளியே இருங்கள். முதலில் இவரிடம் தனியாகப் பேச வேண்டும்" என்று மலாயில் சொன்னார்.

ஒன்பது வருடம் தூக்கிச் சுமந்தவனை வெளியே நிற்கச் சொல்கிறாளே! எனக்குக் கண் இருண்டது. கதவை உதைத்தேன். நாற்காலியைத் தூக்கிப் பதிவுக் கவுண்டர் கண்ணாடியில் அடித்தேன். உள்ளே இருந்த ஊழியரின் நெற்றி கிழிந்து ரத்தம் கொட்டியது. காவலாளிகள் இருவர் என்னைத் தரையில் அமுக்கி முதுகில் முழங்காலை வைத்தார்கள். யாழினி பார்த்துக்கொண்டே நின்றாள். அன்று பகல் முழுக்கப் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தேன். மாலையில் ஜாமீனில் விட்டார்கள்.

மறுநாள் அவள் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டாள். "இனிமே எந்த ஆஸ்பத்திரிக்கும் நான் வரமாட்டேன். என்னைய விட்ருங்க லா!"

ஸ்பேனரால் பூட்டை உடைத்து உள்ளே போனேன். அறைந்தேன். கட்டில் இரும்பில் மோதி விழுந்தாள். உதடு கிழிந்துவிட்டது. எழ முடியாமல் மூச்சு வாங்கினாள்.

"நடிக்காதே!" என்று மறுபடியும் கையை ஓங்கினேன்.

என் மனைவி சாந்தி நடுவில் வந்து நின்றாள். "அடிங்க. இன்னும் ரெண்டு அடிங்க. புத்துநோய் விட்டு வச்ச பிள்ளைய நீங்க முடிச்சிருங்க."

ஓங்கிய கை இறங்கியது. யாழினி இரண்டு கையாலும் முகத்தை மூடிச் சுவரோடு ஒட்டிக் கிடந்தாள். எந்த ஊசிக்கும் அவள் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை.

செருப்புகூடப் போடாமல் கிளம்பினேன். தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் வெயில் சுட்டது. பிள்ளை என் பேச்சைக் கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளத்தான் ஏறினேன். சந்நிதியில் வாயில் அது வரவில்லை. "முருகா, என் கையைக் கட்டிப் போடு. அவளைக் காப்பாற்று. என்னிடமிருந்தும் காப்பாற்று" என்று கதறினேன்.

மறுநாள் காலை, குழந்தைகள் வார்டில் அவளைச் சின்ன வயதிலிருந்து பார்த்த நர்ஸ், லெட்சுமி மிஸி, போன் செய்தார்.

"அண்ணே, அங்க நடந்தத அந்த கிளினிக்ல சொன்னாங்க. உங்க மேல எனக்குக் கோவம்தான். ஆனா பிள்ளைய பாதியில விட முடியாது லா. யாழினிகிட்ட பேசிட்டேன், நான் கூட இருந்தா வர்றேன்னு சொல்றா. புதன்கிழமை நானே அவகூட உள்ள போறேன். நீங்க வாய தொறக்காம வெளிய உட்காரணும். முடியுமா?"

"முடியும் மிஸி" என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம்.

புதன்கிழமை இருவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். முக்கால் மணி நேரம். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முருகன் பெயரை மட்டும் சொன்னேன். பிறகு யாழினியின் சம்மதத்தோடு என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

இரண்டு மாதமாக மாடி ஏறினால் அவளுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. அன்றுதான் முதல் முறையாக வாய்திறந்து சொல்லியிருக்கிறாள். உடனே இதயத்தை ஸ்கேன் செய்தார்கள். சின்ன வயதில் கொடுத்த மருந்துகளில் ஒன்று, வருடங்கள் கழித்துச் சிலருக்கு இதயத்தைப் பலவீனமாக்குமாம். "நல்ல வேளை, இப்போதே தெரிந்தது. மருந்தால் கட்டுப்படுத்தலாம்" என்றார் டாக்டரம்மா.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்று யாழினியைக் கேட்டேன்.

"சொன்னா அடிப்பீங்கன்னு பயம்பா."

நான் அவளோடு உள்ளே இருந்திருந்தால் அன்றும் சொல்லியிருக்க மாட்டாள். என்னை வெளியே வைத்துத்தான் முருகன் என் பிள்ளையைக் காப்பாற்றினான்.

அந்த ஊழியரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். தலையசைத்தார், கை கொடுக்கவில்லை. நியாயம்தான். கோபத்துக்காக வாரம் ஒரு முறை ஆலோசகரிடம் போகிறேன். அன்றிலிருந்து யார் மேலும் கை வைக்கவில்லை. யாழினியின் இதயம் தேறி வருகிறது. இப்போது தன் மருந்துகளின் பெயரை அவளே டாக்டரிடம் சொல்கிறாள். என்னோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுகிறாள்.

பிள்ளைக்காக வேண்டி நிற்கும் அப்பாக்களே, அவன் சந்நிதிக்குப் போங்கள். பிள்ளையின் நோயோடு உங்கள் கோபத்தையும் அவன் காலடியில் வையுங்கள். வாங்கிக்கொள்வான். என்னுடையதையே வாங்கிக்கொண்டானே.