சின்னப்பராஜும் கோபுர நட்சத்திரமும்

சனிக் கோளின் வளையத்தை இந்தியாவிலேயே முதலில் பார்த்த பெண் நான்தான். சரி, கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். பிள்ளைப்பாக்கத்தில், அதுவும் எங்கள் தெருவில் முதலில் பார்த்தவள். காட்டியவர் பக்கத்து வீட்டுச் சின்னப்பராஜ்.

கார் தொழிற்சாலையில் பெயின்ட் லைனில் வேலை அவருக்கு. பள்ளிக்கூட நாளிலிருந்தே வானத்துப் பைத்தியம். ஷிப்ட் முடிந்து வந்து மாதக்கணக்கில் கண்ணாடி தேய்த்து, பிவிசி குழாய்க்குள் பொருத்தி, தானே ஒரு தொலைநோக்கி செய்தார். தெருவில் போகிறவர் வருகிறவர் யாரையும் விடமாட்டார்; மொட்டை மாடிக்கு இழுத்துப்போய் நிலாவின் பள்ளங்களைக் காட்டுவார். ஓட்டுக் கேட்க வந்தவர்கூடத் தப்பவில்லை.

ஆனால் எங்கள் வானம் இருக்கிறதே, த்தூ! கம்பெனி விளக்குகளெல்லாம் சேர்ந்து அதை வெற்றிலைச் சாறு துப்பிய சுவராக்கிவிட்டன.

கொரோனா வருடத்து டிசம்பரில் வியாழனும் சனியும் உரசுவதுபோல் நெருங்கி வந்தன. "நம்ம ஆயுசுக்கு இது ஒரு தபாதான் டீச்சர்" என்றார். பொழுது சாய்ந்ததும் தென்மேற்கே தாழ்வாகத் தெரிந்து, சீக்கிரமே மறைந்துவிடுமாம். அதே திசையில்தான் மாதா கோயில் கோபுரம். அதன்மேல், பிளாட் விற்கும் பெருமாள்சாமியின் உபயமாக, குடிசை அகலத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் நட்சத்திரம். நடுவில் பல்பு பல்பாக அவர் பெயர். ஆண்டவர் பிறப்புக்கே விளம்பரதாரர் வந்துவிட்ட கேவலம்! எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் எழுத்து புரியாது. கண் கூசுவதுதான் மிச்சம்.

அன்று சாயங்காலம் பெருமாள்சாமி தெருவில் வந்தார்.

"அரை மணி நேரம் அணைச்சி வையிங்கண்ணே" என்று சின்னப்பராஜ் கும்பிட்டார்.

"இன்னாய்யா பேசுற? ஸ்டாரைப் பாக்க ஸ்டாரை அணைக்கணுமா? மொதல்ல உன் குழாயில என் ஸ்டாரைக் காட்டு!"

கும்பிட்ட கையைப் பார்க்கவே எனக்குக் குமட்டியது. கும்பிட வைத்த முகத்தைப் பார்க்க அதைவிட.

மாடியேறி வந்து கண்ணை வைத்த பெருமாள்சாமி துள்ளிக் குதித்தார். "அடப்பாவி! எலக்ட்ரீஷியன் என் பேரைத் தலைகீழா மாட்டிட்டான்யா! ஊரே சிரிச்சிகினு கீதே!"

அந்தத் தொலைநோக்கியில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். சின்னப்பராஜ் உண்மையைச் சொல்ல வாய் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன். பெருமாள்சாமி தடதடவென்று இறங்கி ஓடினார். சற்று நேரத்தில் கோபுரம் இருண்டது.

வரிசையில் நின்று தெருவே பார்த்தது. ஒரே வட்டத்துக்குள் சனி வளையத்தோடு, வியாழன் தன் நிலாக்களோடு. சின்னப்பராஜ் ஆசை தீரப் பார்த்தார்.

இதை அவர் மனைவி செல்வமேரிக்குப் படித்துக் காட்டினேன். அவள் முகம் சுளித்தாள்.

"இன்னா டீச்சர் அள்ளி வுடுறே? அவரு எங்க பாத்தாரு? அந்த ஆளு இவரையும் இழுத்துகினு போய் கோபுரத்தாண்ட ஏணியைப் புடிக்க வச்சிட்டான். திரும்பி வர்றதுக்குள்ள ரெண்டும் எறங்கிப்போச்சு. உங்களுக்கெல்லாம் குழாயைத் திருப்பித் திருப்பிக் காட்டினது நானு."