லாரிக்குப் பார்த்த பொருத்தம்

ஊரில் எல்லோரும் கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பார்கள். எங்கள் நைனா லாரிக்குப் பார்த்தார்.

சித்தூர்ப் பக்கம் எங்களைப் போன்றவர்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு மண்டித் தெருவில் சின்னதாக ஒரு வெல்லக் கடை இருந்தது. வாடகை லாரிக்காரர்களிடம் கெஞ்சிக் கெஞ்சி அலுத்துப்போனவர், சொந்தமாக ஒரு பழைய லாரி வாங்கிவிடுவதென்று தீர்மானித்தார். கையில் இருந்தது பாதி லாரிக்குத்தான். மீதிப் பாதியைப் போட்டு, ஓட்டவும் செய்கிறேன் என்று டிரைவர் மாமா முன்வந்தார்.

டிரைவர் மாமா எங்களுக்கு உறவு இல்லை. சர்ச் காம்பவுண்டில் குடியிருந்த பழைய கிறிஸ்தவக் குடும்பம். ஆஸ்பத்திரி வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். நைனாவுக்குப் பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதர். கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டு அச்சு முறுக்கு எங்களுக்கு வரும், பொங்கலுக்கு எங்கள் வெல்லம் அங்கே போகும். லாரிப் பேச்சு எடுத்த மாதமே மாமா வேன் வேலையை விட்டுவிட்டார். அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. நைனாவுக்கும் நம்பிக்கை இல்லாமல் இல்லை. ஜோசியர் வாயால் ஒரு வார்த்தை வந்துவிட்டால் இன்னும் கொஞ்சம் கெட்டியாகும் என்று நினைத்தார்.

"உன் ஜாதகத்தக் குடு தம்பி. திருப்பதில காட்டிகினு வந்துடறேன்."

மாமா சிரித்துவிட்டார். "எங்களுக்கு ஏதுண்ணா ஜாதகம்? ஞானஸ்நானம் குடுத்த தேதி தெரியும். பொறந்த நேரம் கேட்டா, மாட்டுக்குத் தண்ணி காட்ற நேரம்னு எங்கம்மா சொல்லும்."

நைனா அதையும் விடவில்லை. ஞானஸ்நானத் தேதியையும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரத்தையும் மனப்பாடம் செய்துகொண்டு புறப்பட்டார்.

என்னையும் கூட்டிக்கொண்டு போனதற்கு வேறு காரணம். டைபாய்டில் பிழைத்ததற்காக நான் மலைக்கு முடி கொடுக்க வேண்டியிருந்தது. எனக்கு ஒன்பது வயது. முதுகு வரை தொங்கிய பின்னல்தான் பள்ளிக்கூடத்தில் என் ஒரே பெருமை. அது போய், சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு மலையிலிருந்து இறங்கினேன். எதிரே வந்தவர்களில் பாதிப் பேர் மொட்டைதான். ஆனாலும் எல்லோரும் என்னை மட்டுமே பார்ப்பது போல இருந்தது.

கீழே, கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ஜோசியர் வீடு. நைனாவின் ஜாதகத்தைப் பலகைமேல் விரித்து வைத்தார். ஞானஸ்நானத் தேதியைச் சொன்னதும் கையை ஆட்டினார்.

"அது பொறந்த நாளே இல்ல. அத வெச்சிகினு நான் இன்னா பண்றது?"

பிறகு வெகுநேரம் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "ஏழாம் இடம் பெண்சாதிக்கு மட்டும் இல்ல, கூட்டாளிக்கும் அதான். அங்க சனியும் செவ்வாயும் சேர்ந்து உக்காந்துகினு கீறாங்க. ஒருத்தர் புடிச்சி இழுப்பாரு, ஒருத்தர் அடிச்சித் தள்ளுவாரு. எந்தக் கூட்டும் நிக்காது. வத்து."

வேண்டாம் என்பதைத் தெலுங்கில் சொல்லி முடித்துவிட்டார். எனக்குச் சந்தன மண்டையில் உட்கார்ந்த ஈயை விரட்டவே நேரம் சரியாக இருந்தது. ஆனால் சனியும் செவ்வாயும் மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டார்கள். எங்கள் லாரியின் முன்சீட்டை இரண்டு தடியர்கள் அடைத்துக்கொண்டு, மாமாவுக்கு இடம் விடாமல் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது. திரும்பும் வழியில் சந்திரகிரியில் பஸ் நின்றபோது நைனா இறங்கினார். கேட்காமலே எனக்குத் திராட்சை வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலையிலேயே மாமா வந்துவிட்டார். லாரிக்குப் பெயர் எழுதப் பெயிண்டரிடம் பேசிவிட்டாராம். "முன்னாடி உங்க சாமி, பின்னாடி எங்க சாமிண்ணா. நடுவுல நாம" என்றார்.

நைனா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "லாரி வேணாம் தம்பி. உனக்கு ஏழுல சனியும் செவ்வாயும் சேர்ந்துகினு கீதாம். உன்னோட கூட்டு ஆவாதுன்னுட்டாரு."

"எனக்கா?"

"நம்பலன்னா பாப்பாவக் கேளு. கூடதான் இருந்துச்சி."

பெரியவர்கள் பேச்சில் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. பெருமை தாங்கவில்லை. "ஆமா மாமா. சனியும் செவ்வாயும்தான். வத்துன்னு சொன்னாரு" என்று கணீரென்று சொன்னேன்.

காபி கொண்டுவந்த அம்மா, அதை மாமாவின் கையில் கொடுக்காமல் ஸ்டூலில் வைத்துவிட்டு உள்ளே போனாள். மாமா நைனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். "சரிண்ணா" என்று மட்டும் சொல்லி எழுந்தார். வாசலில், தாவணித் துண்டால் தலையை மூடிக்கொண்டு நின்ற என்னைக் கண்டதும் குனிந்தார்.

"இதுக்கு எதுக்கும்மா வெக்கம்? முடிதான, வளந்துடும்."

வேன் வேலைக்கு அதற்குள் வேறு ஆள் வந்தாகிவிட்டது. மாமா குடும்பத்தோடு குப்பம் என்கிற ஊருக்குப் போய், யாரோ ஒருவருடைய கல் லாரியை ஓட்டினார் என்று கேள்வி. அந்த வருடம் அச்சு முறுக்கு வரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு அம்மா, "வாய மூடிகினு துன்னு" என்றாள். அதற்குமுன் அவள் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. நைனா பிறகு பெரியப்பாவோடு கூட்டாக மாவு மில் வைத்தார். அந்தக் கூட்டும் நிலைக்கவில்லை; எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனதுதான் மிச்சம்.

என் கல்யாணப் பேச்சு வந்தபோது வேறொரு ஜோசியர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். என் ஜாதகமும் மாப்பிள்ளை ஜாதகமும் பலகைமேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. திருப்பதிப் பலகையில் அன்று இருந்தது ஒரே ஒரு ஜாதகம். அது நைனாவுடையது. சனியும் செவ்வாயும் அவருடைய ஏழாம் இடத்தில்தான் இருந்தார்கள். ஜாதகமே இல்லாத மனிதர் தலையில் நைனா அதைக் கட்டிவிட்டார். கூசிப்போய், பொருத்தம் எத்தனை என்றுகூட நான் காதில் வாங்கவில்லை.

நைனாவுக்கு அது தெரியும். "எனக்கா" என்று கேட்டபோதே மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. மாமாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஸ்டூலில் காபியை வைத்த அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. அந்தக் கூடத்தில் தெரியாதவள் நான் ஒருத்திதான், சாட்சி சொன்னவளும் நான்தான். ஆனால் அன்றைக்கு நான் வெட்கப்பட்டதெல்லாம் என் மொட்டைத் தலைக்காக.